சாலைக் கடை மச்சில் டாங்கோ

நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கியபோது எங்கள் சாமான்களிலேயே சுங்க அதிகாரியைக் குழப்பிய பொருள் என் கணவரின் நடன ஷூதான். அதன் அடிப்பாகம் மெல்லிய மான்தோல் மாதிரி இருக்கும். அதிகாரி அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது வீட்டுக்குள்ள போடுறதா, வெளிய போடுறதா?” என்று கேட்டார். “தரையைப் பொறுத்து சார்” என்றார் என் கணவர். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எங்களுக்கு அது உண்மையான பதில்.

நான் பினாங்கில் பிறந்தவள். அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து அங்கே துறைமுகத்தில் கிளார்க் வேலைக்குப் போனவர். என் கணவருக்கும் ஊர் நாஞ்சில் நாட்டுப் பக்கம்தான். பினாங்கில் ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்கு எழுத வந்தார். கல்யாணமான புதிதில் எங்கள் தெருமுனை மண்டபத்தில் ஒரு சீனத்து அம்மாள் ஜோடி நடனம் சொல்லிக்கொடுத்தார். தபால்காரர், நர்ஸ், தையல்காரர், வாத்தியார் எல்லாரும் மாலையில் அங்கே வருவார்கள். எல்லாரையும் அந்த அம்மாள் ஒரே மாதிரி திட்டுவார். வால்ட்ஸும் ஃபாக்ஸ்டிராட்டும் எங்களுக்கு வந்தன, போயின. டாங்கோ மட்டும் காலில் ஒட்டிக்கொண்டது.

டாங்கோவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: அது நடை. ஆண் முன்னோக்கி நடப்பான், பெண் அவனைப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பாள். அவன் எங்கே கால் வைக்கப் போகிறான் என்பது அவன் நெஞ்சிலிருந்து இவளுக்குத் தெரிய வேண்டும். மெதுவாக இரண்டு எட்டு, சட்டென்று இரண்டு எட்டு, ஒரு நிறுத்தம், ஒரு திருப்பம். இதற்கு நீளமான இடம் வேண்டும். கால் வழுக்க வேண்டும், ஆனால் விழக்கூடாது. அப்புறம், ஆட்கள் வேண்டும். ஒரு ஜோடி மட்டும் ஆடினால் அது வீட்டு விஷயம். பல ஜோடிகள் ஒரே திசையில், ஒன்றோடொன்று மோதாமல் அறையைச் சுற்றி வரும்போதுதான் அந்த ஆட்டத்துக்கு உயிர் வரும்.

மலேயாவில் வெளிநாட்டவருக்கு வேலை பெர்மிட் நெருக்கடியான காலம் அது. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைவீதியில் பருப்பு, பயறு, மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்த கணவரின் அண்ணன், கணக்குப் பார்க்க ஆள் வேண்டும், வந்துவிடு என்று கூப்பிட்டார். வந்துவிட்டோம். கரமனையில் ஒரு வாடகை வீடு பிடித்தோம்.

அந்த வீட்டுக் கூடத்துத் தரை சிவப்பு சிமெண்ட். வெயில் காலத்தில் மான்தோலைத் தின்றது. மழைக்காலத்தில் வியர்த்து, காலைப் பிடித்துக்கொண்டது. நாலு எட்டு வைப்பதற்குள் சுவர் வந்துவிடும். ஒரு நாள் பக்கத்து வீட்டு மாமி மதில் ஓரமாக என்னைக் கூப்பிட்டார்.

“தப்பா எடுத்துக்கப்படாது. சாயங்காலம் ஆனா உங்காத்துலேந்து தடதடன்னு ஒரே ஒச்சையா இருக்கே. அடிக்கறாரா?”

“இல்ல மாமி, ஆடுறோம்.”

“ஆடறேளா? அவருமா?”

“அவர் இல்லாம முடியாது மாமி.”

“அப்போ சரி. எங்காத்து மனுஷன் ஒரு பாத்திரத்தைக்கூட நகர்த்தித் தரமாட்டார்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து எங்கள் பாட்டு கேட்டால் அவர் தன் ரேடியோவை நிறுத்திவிடுவார். அது அவர் காட்டிய மரியாதை.

ஆனாலும் அது இடமில்லை. நாங்கள் தேட ஆரம்பித்தோம்.

முதலில் போனது நகரத்து மேட்டில் இருந்த ஒரு கிளப்புக்கு. அங்கே பில்லியர்ட்ஸ் மேஜைக்கு அப்பால் மரத்தரை போட்ட ஒரு கூடம் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தோம். செக்ரட்டரி எங்களை உட்காரவைத்துப் பேசினார். டான்ஸ் கிறிஸ்துமஸுக்கும் புதுவருஷத்துக்கும் மட்டும்தான் என்றார். மற்ற நாட்களில் கூடம் பூட்டித்தான் கிடக்கும் என்றும் அவரே சொன்னார். “சார் எவிட ஜோலி?” என்று வேலை எங்கே என்பதை விசாரித்தார். “சாலையில், அண்ணன் கூட மொத்தக் கடை” என்றார் என் கணவர். அதற்குப் பிறகு செக்ரட்டரி சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் “அது மெம்பர்ஸுக்கு மாத்ரம்” என்றே முடிந்தது. வெளியே வரும்போது திறந்திருந்த ஜன்னல் வழியாக அந்தத் தரையைப் பார்த்தேன். ஓரத்தில் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நடுவில் வெயில் விழுந்து கிடந்தது.

இரண்டாவது ஜோடி கிடைத்தது ரெக்கார்ட் பிளேயருக்கு ஊசி வாங்கப் போன கடையில். நான் டாங்கோ ரெக்கார்டுக்கு என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் நின்ற ஆங்கிலோ இந்தியப் பெண்மணி திரும்பி, “யூ டான்ஸ் டாங்கோ?” என்றார். ஏதோ தொலைந்துபோன உறவைக் கண்டுபிடித்த மாதிரி கேட்டார். அவர் பள்ளிக்கூடத்தில் பியானோ டீச்சர். அவர் கணவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஜோலார்பேட்டையிலும் போத்தனூரிலும் ரயில்வே இன்ஸ்டிட்யூட் தரைகளில் ஆடியவர்கள். ஊர் மாறி வந்த பிறகு ஆடவே இல்லை.

டீச்சர் மூலம் ஒரு சர்ச் ஹால் கிடைத்தது. மொசைக் தரை, நல்ல நீளம். அப்பாடா என்று இருந்தது. ஆனால் அதே ஹாலில் பகலில் தையல் வகுப்பு நடக்கும். எவ்வளவு கூட்டினாலும் குண்டூசிகள் எங்கேயாவது கிடக்கும். மான்தோல் அடியில் குண்டூசி ஏறினால் என்ன ஆகும் என்பதைக் கார்டு சார் ஒரு திருப்பத்தின் நடுவில் எங்களுக்குக் காட்டிக்கொடுத்தார். பெரிய மனுஷர், கத்தவில்லை. ஒற்றைக் காலில் நின்றபடி, “பாட்டு முடியட்டும்” என்றார். அடுத்த மாதம் தையல் மெஷின்களையே தரையில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டார்கள். அந்த இடமும் போயிற்று.

சங்குமுகத்தில் கடலைப் பார்த்தபடி ஒரு கல்மண்டபம் உண்டு. ஒரு மாலை அங்கே முயன்று பார்த்தோம். ரெக்கார்ட் பாடத் தொடங்கியதும் கூட்டம் கூடிவிட்டது. ஒரு போலீஸ்காரர் வந்து, “ஷூட்டிங்கா?” என்று கேட்டார். இல்லை, சும்மா ஆடுகிறோம் என்றதும் அவர் முகம் விழுந்துவிட்டது. கடலைக்காரருக்கு மட்டும் நல்ல வியாபாரம்.

அந்த வருஷம் எங்களுக்கு நல்ல தரை என்றால் என்ன என்று காட்டியது மலை. வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் தலைமைக் கணக்கர், திருநெல்வேலிக்காரர், லயத்துத் தொழிலாளிகளுக்குப் பருப்பு வாங்க எங்கள் கடைக்கு வருவார். வெள்ளைக்காரத் துரைகள் ஆடிய கிளப் கட்டடம் ஒன்று மேலே சும்மா கிடக்கிறது, மரத்தரை இன்னும் உளுக்கவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். என் கணவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

நாங்கள் நாலு பேரும் வித்துராவில் பஸ் இறங்கி, எஸ்டேட் லாரியில் கல்லாறு தாண்டி மேலே போனோம். டீச்சர் முன்சீட்டில். நாங்கள் மூன்று பேரும் பின்னால், பருப்பு மூட்டைகளுக்கு நடுவில், ரெக்கார்ட் பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு. கட்டடத்தின் கதவைத் திறந்ததும் வௌவால் நாற்றம். ஆனால் தரை! அகலமான தேக்குப் பலகைகள், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே ஓட்டம். கணக்கரும் நாங்களும் சேர்ந்து பெருக்கினோம். கார்டு சார் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் தரையில் தூவினார். கேரம் போர்டில் போடும் பவுடர்.

முதல் பாட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சிமெண்டில் நான் ஒவ்வொரு எட்டையும் தரையிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தேன். இங்கே மரமே காலைக் கொடுத்தது, வாங்கியது. மூடுபனி ஜன்னல் வரை வந்து நின்றது. டீச்சரும் கார்டு சாரும் எங்களைக் கடந்து போனபோது டீச்சர் கண்ணை மூடியிருந்தார். ஆட்டம் முடிந்து ஷூவைக் கழற்றினால் கார்டு சாரின் இரண்டு காலிலும் அட்டை. கணக்கர் உப்பு கொண்டு வந்தார். “ஆடுறப்ப கடிச்சது தெரியல்லியா சார்?” என்று கேட்டார். “டாங்கோ நடக்கும்போது வேற ஒண்ணும் தெரியாது” என்றார் கார்டு சார்.

கோடை முழுக்கப் போய்வந்தோம். பிறகு தென்மேற்குப் பருவமான இடவப்பாதி மழை வந்து மண் சரிந்து ரோடு அடைபட்டது. எஸ்டேட்டுக்காரர்களே அந்தக் கட்டடத்தைத் தேயிலைப் பெட்டி வைக்கும் கிடங்காக்கிவிட்டார்கள். மறுபடி கரமனை, மறுபடி நாலு எட்டு, சுவர். ஆனால் இப்போது என்ன தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. மரம். நகரத்துக்குள் மரம்.

அது என் மூக்குக்குக் கீழேயே இருந்தது.

ஆயுத பூஜைக்குக் கடையில் குடும்பம் முழுக்கக் கூடுவது வழக்கம். என் கணவரின் அண்ணனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாதவர், பேசினால் மறுபேச்சு இல்லை. அவர் மனைவியை அக்கா என்பேன். அக்கா சிரித்து நான் பார்த்ததில்லை. வீட்டுச் சாவி, கடைச் சாவி, கிடங்குச் சாவி எல்லாம் ஒரே வளையத்தில் அக்காவின் இடுப்பில் கிடக்கும். அன்று பெரிய குத்துவிளக்கை எடுக்க அக்கா கடையின் மேல்மச்சுக்கு ஏறினார். கை கொடுக்க நானும் ஏறினேன்.

மாமனார் காலத்தில் கடையில் அரிசி வியாபாரம். அரிசி மூட்டை எல்லாம் அந்த மச்சில்தான் அடுக்கியிருப்பார்கள். ரேஷன் வந்து அரிசி வியாபாரம் நின்ற பிறகு மச்சு காலியாகிவிட்டது. படியேறி, வெறுங்காலை உள்ளே வைத்தேன். கால் போய்க்கொண்டே இருந்தது. பலகைப் பலகையாக ஆஞ்சிலி மரம். எத்தனையோ வருஷம் சாக்கு மூட்டைகளை இழுத்து இழுத்து, தவிடு தேய்ந்து தேய்ந்து, கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. கடைக்கு மேலே, தெருப் பக்கத்திலிருந்து பின் கட்டு வரை நீளம். நடுவில் ஒரு தூண்கூட இல்லை.

பட்டுப்புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, முன்பாதத்தில் நின்று ஒரு திருப்பம் திரும்பினேன். உடம்பு தானாகச் சுற்றி வந்து நின்றது.

“ஏட்டி, என்ன செய்யுத?” என்றார் அக்கா, விளக்கைப் பிடித்தபடி.

“தரை ஓடுதுக்கா.”

“தரை எங்க ஓடும்? நீதான் ஓடுத.” விளக்கைக் கீழே வைத்துவிட்டு, “இன்னொருக்கா செய்யி, காணட்டு” என்றார்.

அன்று பூஜை முடிந்து இலையில் உட்கார்ந்தபோது நானே பேச்சை எடுத்தேன். என் கணவர் எடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாலையில் கடைகள் இல்லை. மத்தியானம் மச்சைத் தந்தால் நாலைந்து பேர் ஆடிவிட்டுப் போவோம் என்றேன்.

அத்தான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “கட்டிப் பிடிச்சு ஆடுகதாக்கும், இல்லியா? லச்சுமி இருக்கப்பட்ட எடத்துல?”

“என் மாப்பிள்ளையத்தான அத்தான் பிடிக்கேன்.”

“அதாக்கும் கூடுதல் கேவலம். சொந்தப் பெஞ்சாதிய நாலாளு முன்ன எவனாவது பிடிப்பானா?”

அப்போது ஒரு சத்தம் கேட்டது. சாம்பார் வாளியோடு நின்றிருந்த அக்கா சிரித்துவிட்டார். வாளி குலுங்கியது. அத்தான் நிமிர்ந்து பார்த்தார். அக்கா சிரிப்பை விழுங்கவில்லை.

“மச்சுச் சாவி என் இடுப்புலல்லா கெடக்கு” என்றார். “வாற ஞாயித்துக்கிழமை நான் போய்த் தொறக்கேன். நீங்களும் வாருங்க, வந்து காணுங்க. பொறுக்கல்லன்னா அடைச்சிருவோம்.”

“பலக ஒடிஞ்சு போச்சுன்னா?” என்று கேட்டார் அத்தான். அவ்வளவு பெரிய மறுப்பு பலகை அளவுக்குச் சுருங்கிவிட்டதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் கொட்டு முழங்கியது.

“அண்ணா, அத்தன மூட்ட தாங்குன பலக” என்றார் என் கணவர். அன்று அவர் பேசியது அது மட்டும்தான். ஆனால் சரியான இடத்தில் பேசினார்.

சனிக்கிழமை அக்காவும் நானும் மச்சைச் சுத்தம் செய்தோம். நான் வாளித் தண்ணீரோடு ஏறியதும் அக்கா திருப்பி அனுப்பினார். மரத்தில் தண்ணீர் பட்டால் பொங்கும் என்றார். தவிட்டைத் தூவி, சாக்கை மடித்து, இரண்டு பேரும் மண்டியிட்டுத் தேய்த்தோம். ஜன்னல்களைத் திறந்ததும் வெளிச்சம் பலகைகளின் மேல் நீள நீளமாகப் படுத்தது.

ஞாயிறு மத்தியானம் சாலை அடங்கிக் கிடந்தது. கடைகளெல்லாம் சார்த்தியிருந்தன. டீச்சரும் கார்டு சாரும் வந்தார்கள். டீச்சர் சொல்லி, பம்பாயிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஒரு பாங்க் அதிகாரியும் அவர் மனைவியும் வந்தார்கள். தும்பா ராக்கெட் நிலையத்தில் வேலைக்கு வந்திருந்த ஒரு வெளிநாட்டு இன்ஜினியரும் மனைவியும் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து, படியடியில் தயங்கி நின்றார்கள். கார்டு சார் கீழே போய் அவர்களைக் கூட்டிவந்தார்.

ரெக்கார்ட் சுழன்றது. நாலு ஜோடிகளும் கிளம்பினோம். முதல் சுற்றில் கீழ்க் கிடங்கிலிருந்து மிளகாய் நெடி ஏறி, பாங்க் அதிகாரி தும்மினார். அடுத்து டீச்சர். பிறகு எல்லாருமாக, ஒருவரை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டு, திருப்பத்துக்குத் திருப்பம் தும்மினோம். வெளிநாட்டு அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார். அத்தான் ஓரத்தில் கிடந்த பழைய மூட்டைத் தராசுத் தட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். சரக்கு தரம் பார்ப்பவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

ஒரு பாட்டு முடிந்ததும், “யாரு யாரைக் கொண்டு போறா?” என்று தம்பியிடம் கேட்டார்.

“ஆணு கொண்டு போகும் அண்ணா. பெண்ணு சம்மதிச்சாத்தான் போகும்.”

அத்தான் மச்சை அடைக்கச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா என் கையைப் பிடித்து, “எனக்குக் காட்டித் தா” என்றார். நான் ஆண் பக்கம் நின்றேன். அக்காவுக்குப் பின்னோக்கி நடக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சின்ன அடுக்களையில், கொதிக்கும் கஞ்சிப் பானையோடு, பிள்ளைகளை மிதிக்காமல் பின்னால் நகர்ந்து பழகிய கால்கள். நான் நெஞ்சால் சொல்வதற்கு முன்பே அவர் போய்விடுவார். “பொறுங்கக்கா, நான் வரட்டும்” என்று நான்தான் கெஞ்ச வேண்டியிருந்தது. இத்தனை நாள் அந்தச் சாவிக் கொத்துக்குள் இந்தப் பெண் எங்கே இருந்தார் என்று நினைத்தேன். ஆடும்போது சாவிகள் கிணுகிணுவென்று தாளம் போட்டன. கழற்றி வைக்கச் சொன்னோம். வைக்கவில்லை.

செய்தி பரவியது. ஒரு டாக்டர் தம்பதி வந்தார்கள், கல்லூரி ஆசிரியைகள் இரண்டு பேர் வந்து ஒருவரோடு ஒருவர் ஆடினார்கள். மேட்டு கிளப்பிலிருந்தும் சில மெம்பர்கள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் ஏணிப்படியில் ஏறி வந்தார்கள். எவிட ஜோலி என்று மச்சில் யாரும் யாரையும் கேட்டதில்லை. கரமனை மாமிகூட ஒரு தடவை வந்து, ஜன்னலோரமாக நின்று முழுக்கப் பார்த்துவிட்டு, “இது நன்னா இருக்கு. பஜனை மாதிரி எல்லாரும் ஒரே பக்கமாப் போறா” என்றார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அத்தான் ஒரு ஞாயிறும் தவறாமல் வந்தார். தராசுத் தட்டை விட்டு எழுந்ததில்லை. ஆனால் ஆட்கள் கூடியபோது, யாரும் சொல்லாமலேயே, ஓரத்தில் கிடந்த பழைய பெட்டிகளையெல்லாம் ஆள் வைத்துக் கீழே இறக்கியிருந்தார். மூலையில் ஒரு பலகை முனகியது. அடுத்த வாரம் அதில் புது ஆணி மின்னியது.

ஐப்பசித் துலா மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு அது. ரெக்கார்ட் கேட்க வேண்டுமென்பதற்காக எல்லாரும் பேச்சை நிறுத்தியிருந்தோம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் அத்தான் எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த வேஷ்டியைக் கீழே அவிழ்த்து விட்டார். கோவில் நடையில் மட்டும் அவர் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். நேராக அக்கா முன்னால் போய் நின்று, “வா” என்றார்.

அக்கா, “கால மிதிக்கப்பிடாது” என்றார்.

“மிதிச்சா பறஞ்சாப் போதும்.”

நாங்கள் எல்லாரும் ஆடாமல் நின்றோம். டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அத்தான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்காவின் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில் வைத்துக்கொண்டார். அக்கா அந்தக் கையை எடுத்துத் தன் முதுகில் வைத்தார். பிறகு அவர் நடந்தார். வேஷ்டி எட்டைச் சுருக்கியது. ஆனால் இத்தனை வாரம் உட்கார்ந்து பார்த்த கண் தாளத்தைக் காலில் இறக்கியிருந்தது. மெதுவாக, மெதுவாக, சட்டென்று இரண்டு. திருப்பம் வந்த இடத்தில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள். அத்தான், “ச்சே” என்றார். அக்கா சிரித்தார். மறுபடி கிளம்பினார்கள். தெருப் பக்கத்து ஜன்னலிலிருந்து பின் கட்டு வரை போய், திரும்பி, எங்களைக் கடந்து வந்தார்கள்.

என் கணவர் என் கையைப் பிடித்தார். நாங்களும் அவர்கள் பின்னால் சேர்ந்தோம். டீச்சர், கார்டு சார், பாங்க் ஜோடி, எல்லாரும் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். மச்சு நிறைய ஜோடிகள், ஒரே திசையில், ஒருவரும் மோதாமல் சுற்றி வந்தோம். கிளப்பு இல்லை, மெம்பர் இல்லை, மலையேற வேண்டாம். இந்த நகரத்தில் டாங்கோவுக்கு ஓர் இடம் உண்டு, அது எங்கள் கடை. எனக்கு உரக்கக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தாமல் ஆடினேன்.

மறுநாள் கடைக்குச் சாப்பாடு கொண்டு போனேன். அத்தான் கல்லாவில் இருந்தார். ஒரு வியாபாரி எதிரே நின்று துவரம்பருப்புக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அத்தான் பாதி கேட்டும் கேட்காமலும் இருந்தார். மேஜைக்கு அடியில் அவர் வலதுகால் முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக இருந்தது. திடீரென்று உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்து உரக்கக் கேட்டார்:

“லேய், அந்தத் திரும்பல்ல முன்ன வைக்கது எடதா, வலதா?”

“எடது, அண்ணா.”

“அதான பாத்தேன்.”

வியாபாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன மொதலாளி, புதுசா லோடு ஏத்துக வழியா?”

அத்தான் பில் புத்தகத்தைப் பிரித்தபடி, “ஞாயித்துக்கிழம மத்தியானம் வாரும்” என்றார். “வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வாரும். மேல வச்சுக் காட்டித் தாரேன்.”